பத்துக்குப் பதினாலு ஹாலுக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: எங்கள் ஹால் 10க்கு 14 அடி. டைல்ஸ் தரை. டிவி இருக்கும் நீளச் சுவரில்தான் ஸ்பீக்கர் வைக்க முடியும். எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. 50 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்று இருக்கிறது. பழைய கச்சேரிப் பதிவுகளும் இளையராஜா பாட்டுகளும்தான் அதிகம் கேட்பேன். வார்ஃபிடேல் டயமண்ட் 12.1, க்யூ அகௌஸ்டிக்ஸ் 3020ஐ, எலாக் டெபியூ பி6.2 மூன்றையும் கடையில் கேட்டேன். எலாக் பிரமாதமாக இருந்தது. அதற்குக் காற்றுத் துளை முன்பக்கம் இருப்பதால் சுவரோரம் வைக்க அதுதான் தோது என்றும் சொன்னார்கள். வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். எலாக் நல்ல ஸ்பீக்கர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் ஹாலில், நீங்கள் சொல்லும் இடத்தில், அது கடையில் பாடியதுபோல் பாடாது.

முதலில் அந்தத் துளை விஷயம். பின்பக்கத் துளை இருந்தால் சுவரோரம் கூடாது, முன்பக்கம் என்றால் கவலையில்லை என்பது பாதி உண்மை. சுவர் பேஸை ஏற்றுவதற்குத் துளை தேவையே இல்லை. தாழ்ந்த சத்தம் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவும். பின்னால் போனது சுவரில் பட்டுத் திரும்பி முன்னால் வருவதோடு சேர்ந்துகொள்ளும். இதனால் 6 டெசிபெல் வரை கூடலாம். துளை எந்தப் பக்கம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதோடு உங்கள் அறை தன் பங்குக்கு ஒரு சுரம் வைத்திருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 10 அடி, அதாவது ஏறக்குறைய 3.05 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அந்த இடைவெளியில் அரை அலை சரியாகப் பொருந்துவது 56 ஹெர்ட்ஸில். பேஸ் கிடாரின் 'ஏ' தந்தியைச் சும்மா மீட்டினால் வருவது 55. இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் எவ்வளவு வேலை செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரிசையில் மற்ற சுரமெல்லாம் ஒழுங்காக வர, இந்த ஒன்று மட்டும் 'கும்'மென்று வீங்கி, பாடுகிறவர் குரல்மேல் படுத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் ஒரு சுவரோரம், உங்கள் தலை எதிர்ச் சுவரோரம். இரண்டுமே அந்த 56 ஹெர்ட்ஸ் உச்சத்தில் இருக்கும் இடங்கள்.

இப்போது மூன்று ஸ்பீக்கரின் விவரக் குறிப்பையும் பாருங்கள். எலாக் 44 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்கிறது. அதற்கு ஆறரை அங்குல ஊஃபர், அதாவது தாழ்ந்த சத்தம் தரும் பெரிய கூம்பு. டயமண்டும் க்யூவும் 65ஐ ஒட்டியே நின்றுவிடும். திறந்த இடத்தில் இது அவற்றின் குறை. உங்கள் ஹாலில் அதுவே லாபம்: அவை விட்டுவைத்ததைச் சுவரும் அறையும் சேர்ந்து நிரப்பும்.

காதுக்கு எப்படி என்றால், எலாக் நிதானமானது. எதையும் தூக்கிக் காட்டாது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கும்கி இழுக்கும்போது மூன்றில் இதில்தான் உடல் தெரியும். ஆனால் குறைந்த வால்யூமில் கொஞ்சம் தூங்கி வழிகிறது என்பது என் அபிப்பிராயம்.

க்யூ நேர் எதிர். மெதுவாக வைத்தாலும் உயிரோடு இருக்கும். பாட்டு பெட்டியை விட்டு வெளியே வந்து அகலமாகப் பரவும். தம்புராவின் ரீங்காரத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்கலாம். ஒரே தொல்லை, பெட்டி 28 செ.மீ. ஆழம். பின்னால் வயர் செருகவும் இடம் விட்டால், 12 அங்குல ஷோகேஸ் தட்டில் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

டயமண்டின் பலம் குரல். உயர்ந்த சத்தம் தரும் ட்வீட்டர் துணியாலான டோம். மேல்பகுதி மழமழவென்று இருக்கும். பழைய கச்சேரிப் பதிவுகளில் வயலின் சில சமயம் கம்பியால் கீறுவதுபோல் வரும். 'ஸ', 'ஷ' எழுத்துகள் தெறிக்கும். வெறும் டைல்ஸ் தரை அதை இன்னும் கூராக்கும். டயமண்டில் இந்தக் கீறல் அடங்கிவிடும், பாடகர் மட்டும் அப்படியே நிற்பார். புதிய, சுத்தமான பதிவு போட்டால் க்யூவில் தெரியும் பளிச் இதில் கொஞ்சம் குறைவு. நீங்கள் கேட்பவற்றுக்கு அது பெரிய நஷ்டமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் டயமண்டைத்தான் வாங்குவேன்.

கடையில் ஏன் எலாக் ஜெயித்தது? அந்த அறை பெரிதாக இருந்திருக்கலாம், சுவரிலிருந்து தள்ளி வைத்திருக்கலாம். ஒன்றை விட ஒன்று துளி சத்தமாக ஒலித்தால்கூட நம் காது அதையே 'நல்லது' என்று சொல்லிவிடும். இன்னொரு முறை போனால் போனில் ஒரு டெசிபெல் மீட்டர் ஆப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் மூன்றையும் ஒரே அளவுக்கு வரவழைத்துக் கேளுங்கள். பாட்டும் உங்களுக்கு மனப்பாடமானதாக இருக்கட்டும். கடைக்காரர் போடும் டெமோவில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும்.

ஆம்ப் போதுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். போதும். டயமண்ட் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபெல் தரும். எட்டடி தள்ளி சோபாவில் 80 என்று வைத்துக்கொண்டாலும், 50 வாட் அதற்கு மேல் இன்னும் 17 டெசிபெல் சேர்க்கும். பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டும் அளவு அது. கேபிளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்காதீர்கள். மூன்று மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் தாராளம்.

அந்தப் பணத்தில் ஸ்டாண்ட் செய்யுங்கள். கிரில் பட்டறையில் சொன்னால் இரும்புக் குழாயில் வெல்டிங் செய்து தருவார்கள். குழாய்க்குள் காய்ந்த மணல் நிரப்பினால் அதிர்வு அடங்கும். உயரம் ட்வீட்டர் உங்கள் காதுக்கு நேராக வரும்படி. தரையில் சப்பணமிட்டுக் கேட்கிற வழக்கமானால் அதற்கேற்பக் குறையுங்கள். ஸ்பீக்கரை ஓர் அடியாவது சுவரிலிருந்து இழுங்கள். சோபாவையும் இழுக்க முடிந்தால் இன்னும் லாபம், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வருகிறதோ அவ்வளவு 56 ஹெர்ட்ஸ் வீக்கம் வடியும். முடியவே முடியாது என்றால் பழைய காட்டன் சாக்ஸைச் சுருட்டி பின்துளையில் செருகிப் பாருங்கள். சிரிப்பதற்கில்லை, க்யூவின் பெட்டியில் இதற்கென்றே ஸ்பாஞ்ச் அடைப்பான் வைத்தே விற்கிறார்கள். நடுவில் கனமான ஜமுக்காளம் ஒன்றை விரித்தால் டைல்ஸின் கணகணப்பு குறையும். பேஸை அது ஒன்றும் செய்யாது, அப்படி எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லாம் வைத்து முடித்ததும் ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் காலத்துப் பதிவு ஒன்றைப் போடுங்கள். அவை மோனோ, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான் வரும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒற்றை ஆளாகக் குரல் வர வேண்டும். குரல் அறை முழுக்கச் சிதறி, பேஸும் காணாமல் போயிருந்தால் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு முனையும் (பிளஸ்) கறுப்பு முனையும் (மைனஸ்) மாறியிருக்கிறது. நான் ஒருமுறை இரண்டு வாரம் அப்படிக் கேட்டுக்கொண்டே, 'அடடா, என்ன விசாலம்' என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமைப்பட்டிருக்கிறேன். சந்தேகமிருந்தால் ஆம்பிலிருந்து வயரைக் கழற்றி, அந்த முனைகளை 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு கணம் தொடுங்கள், பிளஸை பிளஸில். இரண்டு ஊஃபரும் வெளிப்பக்கம் எம்ப வேண்டும். ஒன்று உள்ளே போனால் அதில்தான் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.