முதலில் விடைத்தாளை வாங்கிப் பாருங்கள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு அறிவியலில் 92 வாங்கினாள். இப்போது பிளஸ் ஒன் காலாண்டில் இயற்பியலில் 70-க்கு 31. சார் ரொம்பக் கறாராகத் திருத்துகிறார் என்று அழுகிறாள். குரூப்பை மாற்றிவிடலாம் என்கிறார் கடலுக்குப் போகும் அவள் அப்பா. ராமநாதபுரத்தில் டியூஷன் சேர்க்கலாமா?
- ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, பிள்ளை திடீரென்று மக்காகிவிடவில்லை. பத்தாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் ஒரே தாள். எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. செய்முறை பெரும்பாலும் முழுசாக விழுந்துவிடும். அந்த 92-ஐ வைத்து இந்த 31-ஐ அளக்க முடியாது.

இன்னொன்று, பெற்றோர் பலருக்குத் தெரியாதது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாம் பாடத்திலேயே வெக்டரும் நுண்கணிதமும் வந்துவிடும். கணக்குப் புத்தகத்திலோ அவை இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. கருவி கைக்கு வருமுன்பே வேலை வந்துவிடுகிறது. காலாண்டில் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? விடைத்தாளை வாங்கி, மகளோடு உட்கார்ந்து பாருங்கள். நான் திருத்திய தாள்களில் திரும்பத் திரும்பக் கண்ட தவறு ஒன்றைச் சொல்கிறேன். 2 கிலோ எடையுள்ள பொருள் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, இயக்க ஆற்றல் என்ன? வாய்பாடு சரியாக இருக்கும். ஆனால் 18-ஐ அப்படியே போட்டு 324 என்று முடித்திருப்பார்கள். வினாடிக்கு 5 மீட்டர் என்று மாற்றியிருந்தால் விடை 25 ஜூல். வாய்பாட்டுக்கு மதிப்பெண் உண்டு, விடைக்குக் கிடையாது. அலகை எழுதாவிட்டால் அதற்கும் குறையும். இது கறார் இல்லை, பொதுத்தேர்விலும் இப்படித்தான் திருத்துவார்கள்.

ஆகவே பள்ளிக்குப் போனால், மதிப்பெண்ணைக் கூட்டிப் போடச் சொல்லாதீர்கள். "எந்த இடத்தில் விடுகிறாள் சார்?" என்று கேளுங்கள். கூட்டலில் பிழை இருந்தால் மட்டும் தயங்காமல் சொல்லுங்கள்.

குரூப் மாற்றம் இப்போது வேண்டாம். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வே இல்லை. பொறியியல் கட்-ஆஃப் 200-ம் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தவறு செய்து திருத்திக்கொள்ள இந்த ஒரு வருடம் அவளுக்கு இருக்கிறது. ஆனால் பாடத்தைத் தள்ளிவிடக் கூடாது. நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடம் வரும்.

டியூஷனுக்கு அவசரப்படாதீர்கள். தினமும் பஸ்ஸில் போய் வரும் நேரத்தில் வீட்டிலேயே நான்கு கணக்கு போட்டுவிடலாம். அரையாண்டுக்குப் பிறகும் அதே இடத்தில் விழுந்தால் அப்போது யோசிக்கலாம்.

அப்புறம், அவள் அப்பா கரைக்கு வந்ததும் போட் எத்தனை நாட் வேகத்தில் ஓடியது என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். அதை வினாடிக்கு மீட்டராக மாற்றி, அலகோடு எழுதி அவரிடம் காட்டட்டும்.