கேளுங்க, சொல்றோம்: ஞாயித்துக்கிழமை மீட்டிங்கும் காலி நாற்காலியும்

கேள்வி: அக்கா, ராமேஸ்வரத்துல எங்க ஏரியா பிள்ளைங்களுக்கு சாயங்காலம் ஃபுட்பால் சொல்லிக் குடுக்கறோம். பிள்ளைங்க நல்லா வருதுங்க, ஆனா பெத்தவங்க எட்டிக்கூட பாக்க மாட்டேங்கறாங்க. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு மீட்டிங் போட்டா நாலு பேர் வர்றதே பெருசு. கூட இருந்த வாலன்டியர் பசங்களும் ஒவ்வொருத்தனா கழண்டுக்கறான். ஆண்டு விழாவுல எல்லாருக்கும் பொன்னாடை, ஷீல்டு எல்லாம் குடுத்தோமே, இன்னும் என்னதான் பண்றது?
- ஒரு வாசகர், ராமேஸ்வரம்

பதில்: ஞாயித்துக்கிழமை காலையிலயா தம்பி? உங்க ஊர்ல விசைப்படகு மீன் பிடிக்கப் போறது திங்கள், புதன், சனி. சனிக்கிழமை போன மனுசன் மறுநாள் காலையிலதான் கரையேறி, மீனை இறக்கி, ஏவாரிகிட்ட மல்லுக்கட்டிட்டு, ராத்திரி பூரா முழிச்ச கண்ணோட வீட்டுக்கு வருவாரு, அவரைக் கூப்பிட்டு பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு ஒழுக்கத்தப் பத்தி பேசினா வருவாரா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வச்சுப் பாருங்க. கடல்பாசி எடுக்கப் போற அம்மாக்கள்னா அமாவாசை, பௌர்ணமிய ஒட்டின நாளை விட்ருங்க, அவங்க விரல்ல துணியச் சுத்திக்கிட்டு நாள் பூரா தண்ணிக்குள்ள கெடந்துட்டு வர்றவங்க. மாசத்துல 12 நாள்தான் கடலுக்குப் போறதுன்னு பாம்பன் பக்கம் அவங்களே பேசி வச்சு நடத்துனாங்க, அதனால அவங்களுக்கு ஒரு சங்கத்த எப்படி கட்டிக் காக்கறதுன்னு நீங்க பாடம் எடுக்க வேணாம், கேட்டுக்கிட்டாலே போதும்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கே, அதுதான் உங்களுக்கு சீசன். அப்பாமார் ஊர்ல இருப்பாங்க, ஸ்கூலும் முக்காவாசி நாள் லீவு. ஆனா ஒண்ணு, அப்ப நேரம் இருக்கும், கையில காசு இருக்காது. சந்தான்னு போய் நிக்காதீங்க, ஆளாத்தான் கேக்கணும். கோல் போஸ்ட் வலை கிழிஞ்சு தொங்குதுல்ல, கடையில புதுசு வாங்க வசூல் பண்றதுக்குப் பதிலா படகு வலைய பொத்திக்கிட்டு இருக்கற ஒரு அப்பாகிட்ட அதைக் கொண்டு போய் குடுங்க. வலை ஊசியக் கையில எடுத்தா உங்க கோச்சை விட அவருதான் கெட்டிக்காரர். அவரு பொத்தித் தந்த வலையில அவரு மகன் கோல் போடறப்போ "இது யாரு போட்ட முடிச்சு தெரியுமாடா"ன்னு பிள்ளைங்க முன்னாடி பேரைச் சொல்லுங்க, அந்தாளு அடுத்த வாரம் தானா வந்து நிப்பாரு.

பொன்னாடைய நான் குறை சொல்லல (வீட்டுல பீரோ நெறைய கெடக்குதேன்னு எங்க வீட்டுக்காரர் புலம்புவாரு, அது வேற), ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி போத்துனா யாரையும் கவனிக்கலன்னுதான் அர்த்தம். இன்னொண்ணு, பெத்தவங்களுக்கு நீங்க எப்ப போன் பண்ணுவீங்க? பணம் கேக்க, இல்லேன்னா பையன் அடிச்சுக்கிட்டான்னு சொல்ல. உங்க நம்பரப் பாத்தாலே அவங்களுக்கு பக்குன்னு இருக்கும். சும்மா ஒரு நாள் கூப்பிட்டு "இன்னிக்கு உங்க பொண்ணு சின்னப் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டி விட்டுச்சுக்கா"ன்னு சொல்லிட்டு வச்சுருங்க.

வாலன்டியர் பசங்க ஓடறது சோம்பேறித்தனம் இல்ல, முடிவே தெரியாத வேலைங்கறதால. "டெய்லி வா"ன்னா யாரால முடியும். "மூணு மாசம், செவ்வாயும் வியாழனும் மட்டும், பந்துக்குப் பொறுப்பு நீ"ன்னு சொல்லிக் குடுங்க. வெளிநாட்டு வேலைக்குக் கெளம்பறவன மொறைக்காம டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வைங்க, லீவுக்கு வரும்போது அவனே கிரவுண்டுக்கு வருவான்.

கேள்வி: வாலன்டியர்களுக்கு காசு குடுத்தா சேவை மனப்பான்மை போயிருமா?
- கீழக்கரை வாசகி

பதில்: பஸ் காசு குடுத்தா எல்லாம் போயிறாதும்மா. 2021ல அரசாங்கம் பிள்ளைங்களுக்கு சாயங்காலம் பாடம் சொல்லிக் குடுக்கற இல்லம் தேடிக் கல்வி திட்டத்த ஆரம்பிச்சப்போ தன்னார்வலர்களுக்கு மாசம் 1,000 ரூபா ஊக்கத்தொகை வச்சாங்க. உங்களால அவ்ளோ முடியலேன்னாலும் சொந்தக் காசுல சாக்பீஸ் வாங்க விடாதீங்க. குடுக்கறது எவ்ளோன்னு மொதல் நாளே எல்லாருக்கும் தெரியற மாதிரி நோட்டுல எழுதி வச்சுருங்க, ஒருத்தருக்கு மட்டும் ரகசியமா குடுத்தாதான் வம்பே.