இரண்டு சீட்டு எடுத்தால் ஒரு ஏஸாவது வர வாய்ப்பு எவ்வளவு?

52 சீட்டுக் கட்டில் இரண்டை உருவினால் ஒரு ஏஸாவது வர 4/52 + 4/52, அதாவது 34/221 என்று கூட்டியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட சரி, ஆனால் இரண்டுமே ஏஸாக வரும் 1/221 வாய்ப்பு அதில் இரண்டு முறை சேர்ந்துவிட்டது.

'ஒன்றாவது' என்று கேட்டால் நான் தலைகீழாகத்தான் போடுவேன். ஏஸே வராமலிருக்க 48/52 × 47/51 = 188/221. ஒன்றிலிருந்து கழித்தால் 33/221, சுமார் 15 சதவீதம். முதல் சீட்டைத் திரும்ப வைக்காததால்தான் 51. பலர் சறுக்குவது இங்கேதான்.

டாஸ் கணக்கு சுலபம்: ஒரு டாஸ் அடுத்ததைப் பாதிக்காது, அதனால் ஒவ்வொன்றுக்கும் 1/2 என்று அப்படியே பெருக்கலாம். 2023 உலகக் கோப்பை இறுதியாட்டம் முதல் 2025 சாம்பியன்ஸ் டிராபி இறுதியாட்டம் வரை ஒருநாள் போட்டிகளில் இந்தியா தொடர்ந்து 15 டாஸ் தோற்றது: 32,768இல் ஒரு வாய்ப்பு! அப்புறமும் 16ஆவது டாஸுக்கு அதே பாதிக்குப் பாதிதான்.