காளிதாசரின் உரகபுரம் எது?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் பேத்திக்கு ரகுவம்சத்தின் ஆறாம் சர்க்கம் பாடமாக வந்திருக்கிறது. அதில் பாண்டியனை உரகபுரத்துக்கு அரசன் என்கிறார் காளிதாசர். உரகம் என்றால் பாம்பு, அதனால் நாகப்பட்டினம்தான் என்கிறார் எங்கள் பங்காளி வீட்டு அண்ணன். பாம்பு எல்லை காட்டிய ஊர் என்று மதுரைக்கு ஆலவாய் என்ற பெயர் உண்டே, அதுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது. யார் சொல்வது சரி?
– தேவகோட்டை வாசகி

பதில்: ஆச்சி, நான் உறையூர் என்பேன். காரைக்குடியில் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்திய காலத்திலிருந்தே அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

பாம்பைப் பிடித்துக்கொண்டு போனால் ஊர் அகப்படாது. பாம்புப் பெயர் கொண்ட ஊர்கள் நம் பக்கம் எத்தனையோ. அதே பெயர் வேறு எங்கே வருகிறது என்றுதான் தேட வேண்டும். சாளுக்கிய மன்னன் முதலாம் விக்கிரமாதித்தன் 674இல் கொடுத்த கத்வால் செப்பேட்டில் வருகிறது. அதுவும் சமஸ்கிருதம்தான். சோழ நாட்டில், காவிரியின் தென்கரையில் இருக்கும் உரகபுரத்தில் அவன் படையோடு தங்கியிருந்தான் என்கிறது. திருச்சியில் உள்ள உறையூர் இதற்கு அப்படியே பொருந்துகிறது. நாகப்பட்டினம் கடற்கரை ஊர், பொருந்தாது.

ஆலவாயை நீங்கள் நினைத்தது நல்ல யோசனை. ஆனால் அந்தப் பெயரை வடமொழிப் புராணக்காரர்கள் ஹாலாஸ்யம் என்று ஆக்கினார்கள். ஓசையை ஒட்டி ஒரு வடசொல்லைப் பொருத்துவது அவர்கள் வழக்கம். உறை உரகம் ஆனதும் அப்படித்தான் இருக்க வேண்டும். காளிதாசர் வாக்கைப் பாருங்கள்: 'உரகாக்யஸ்ய புரஸ்ய நாதம்'. உரகம் என்று பெயர் கொண்ட ஊரின் தலைவன், அவ்வளவுதான். பாம்புக் கதை எதுவும் அங்கே இல்லை.

சரி, உறையூர் சோழன் ஊராயிற்றே, பாண்டியன் எப்படி வந்தான் என்று பேத்தி கேட்பாள். கேட்கவும் வேண்டும். நான்காம் சர்க்கத்தை அவளைப் புரட்டச் சொல்லுங்கள். ரகுவின் படை தெற்கே வந்து காவிரியில் இறங்குகிறது. அப்புறம் மிளகு விளையும் மலயமலைச் சாரல், சந்தன மரங்கள். அதையும் தாண்டிப் போனால் தாமிரபரணி முத்தைக் காணிக்கையாகத் தருகிறவர்கள் பாண்டியர்கள். காவிரிக்கரையைப் பாடியும் சோழன் பெயரை அங்கே அவர் எடுக்கவே இல்லை. அவருடைய தெற்குக்குப் பாண்டியனே அரசன். அதனால் காவிரிக்கரையின் பேர்பெற்ற ஊரையும் அவனுக்கே கொடுத்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மதுரை என்று வாதாடுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் செப்பேட்டைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் பேத்தியிடம் சொல்லிவையுங்கள். உரையாசிரியர் மல்லிநாதர் இதைப் பாண்டிய நாட்டிலுள்ள நாகபுரம் என்கிறார். அவர் தெலுங்கு நாட்டுக்காரர், காளிதாசருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். பரீட்சையில் உரைப்படி எழுதச் சொன்னால் அவர் சொன்னதையே எழுதட்டும். கட்டுரை என்றால் செப்பேட்டையும் சேர்த்து எழுதட்டும்.