வெயில் நம்மிடம் உண்டு, மலைக்கு எங்கே போவது?

வாசகர் கேள்வி பதில்

நீந்தி, சைக்கிள் ஓடி, கடைசியில் காலால் ஓடி முடிக்கிற ட்ரையத்லன் பற்றி இம்முறை வன்னிப் பக்கத்திலிருந்துதான் கடிதங்கள் கூட. எழுதியவர்களில் அநேகர் முதற்தடவையாக அரைத் தூரத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள். அரைத் தூரம் என்றால் 1.9 கி.மீ நீச்சல், 90 கி.மீ சைக்கிள், 21.1 கி.மீ ஓட்டம். முழுத் தூரம் இதன் இரட்டிப்பு. முதற்போட்டியை வெயிலும் மலையும் உள்ள இடத்தில் ஓடுவதென்றால் அரைத் தூரமே போதும் என்பது எங்கள் எண்ணம்.

கே: நான் பதிந்த போட்டியில் சைக்கிள் பாதை முழுக்க ஏற்ற இறக்கம். எங்கள் ஊரில் உயரமான இடமென்றால் குளக்கட்டுத்தான். மலை ஏறப் பழகுவது எப்படி? (வாசகர், கிளிநொச்சி)

ப: மலை இல்லாவிட்டாலும் சோளகம் இருக்கிறது. மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றுக்கு முகங்கொடுத்து ஓடுவது காலுக்கு ஏற்றம் ஏறுவது போன்ற வேலைதான். பாரமான கியரைப் போட்டு, இருக்கையை விட்டு எழும்பாமல், பெடலை நிமிடத்துக்கு 55 முதல் 60 சுற்று மட்டும் மிதியுங்கள். 10 நிமிடம் அப்படி, 5 நிமிடம் இலேசாக. நான்கு தடவையில் தொடங்கி, ஆறேழு கிழமையில் 20 நிமிடம் மூன்று தடவை என்ற அளவுக்கு வாருங்கள். முழங்காலின் முன்பக்கம் நொந்தால் சுற்றை 70க்கு ஏற்றிவிடுங்கள்.

ஆனால் எதிர்க்காற்று ஒன்றைப் பழக்காது. மலையில் மணிக்கு 10 கி.மீ வேகத்தில் ஏறும்போது உடம்பில் காற்றே படாது. வியர்வை காயாமல் சொட்டும், உடம்பு சூடேறும். எதிர்க்காற்றிலோ வியர்வை உடனே காய்ந்து உங்களைக் குளிர வைக்கும். அந்தச் சூட்டைப் பழக, திரும்பி வரும்போது பின்காற்றைப் பயன்படுத்துங்கள். காற்றின் வேகத்திலேயே நீங்களும் ஓடினால் உடம்பைச் சுற்றிக் காற்று அசையாது. மலையில் வரும் புழுக்கம் ஓரளவு வரும். ஆனால் முன்பு மிதித்த அதே பலத்தில் மிதித்தால் காற்றையே முந்திவிடுவீர்கள், உடம்பில் மறுபடி காற்றுப் படும். எனவே மலைச் சூட்டை இது முழுதாகப் பழக்காது.

பாதையைப் பொறுத்தவரை, ஏ9 இல் பஸ்ஸும் லொறியும் பறக்கும். மாங்குளம் – முல்லைத்தீவு, பரந்தன் – முல்லைத்தீவு வீதிகள் பரவாயில்லை. மாங்குளம் வீதி கிழக்கு மேற்காகப் போவதால் சோளகத்தில் ஒரு பக்கம் எதிர்க்காற்று, மறுபக்கம் பின்காற்று. தென்கிழக்கே போகும் பரந்தன் வீதியில் காற்று கூடுதலாகப் பக்கத்திலிருந்து வரும். யானை நடமாடும் இடங்களில் வெளிச்சம் வரமுதல் போகவேண்டாம். அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். மெல்லிய ரயர் அதில் ஏறினால் வழுக்கும். ஒதுங்கும் தேவை வந்தாலும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் இறங்காதீர்கள், வீதியிலேயே அடுத்த கடைவரை போங்கள்.

போட்டிக்கு முன் இரண்டு தடவையாவது உண்மையான மலையைக் கண்டுவிட வேண்டும். அதற்கும் ஏ9 தான். தம்புள்ளை தாண்டி நாவுல, நாலந்தை, மாத்தளை என்று பாதை மெல்ல மெல்ல உயரும். மாத்தளைக்கும் அக்குறணைக்கும் நடுவே பலகடுவ ஏற்றம் இருக்கிறது. ஏறுவதைவிட இறங்குவதைத்தான் அங்கே பழகவேண்டும். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கொதிக்கும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள்.

கே: என் சைக்கிளில் முன் பல்சக்கரங்கள் 50–34 பல், பின் கசெட் (பின்சில்லின் பல்சக்கரத் தொகுதி) 11–25 பல். கடைக்காரர் இதுவே காணும் என்கிறார். (வாசகர், வவுனியா)

ப: வவுனியாவுக்குக் காணும். ஏற்றத்துக்குக் காணாது. கணக்கைப் பாருங்கள். ரயர் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீற்றர். 34க்கு 25 போட்டால் பெடல் ஒரு சுற்றுக்கு 2.86 மீற்றர். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 12 கி.மீ. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், நூற்றுக்கு எட்டு ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு 235 வாற்று அளவில் வேண்டும். பின்னுக்கு 32 பல் இருந்தால் அதே 70 சுற்றில் 9.4 கி.மீ, தேவை 180 வாற்று அளவில். முதற்தடவை ஓடுபவருக்கு இந்த 55 வாற்றுத்தான் 21 கி.மீ ஓடுவதற்கும் நடப்பதற்கும் உள்ள இடைவெளி.

எனவே 11–32, முடிந்தால் 11–34. மாற்றும்போது இரண்டு இடத்தில் பிழை வரும். ஒன்று, பழைய குட்டைக்கால் கியர் மாற்றி 28 பல்லுக்கு மேல் தாங்காமல் விடலாம். அதன் மாதிரி இலக்கத்தைப் பார்த்து உச்சப் பல் எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். மற்றது செயின். கசெட்டை மட்டும் மாற்றிப் பழைய செயினையே போட்டால், முன்னும் பின்னும் பெரிய பல்லில் விழும்போது செயின் இழுபட்டுக் கியர் மாற்றியையே முறித்துவிடும். கியர் மாற்றிக்குள் விடாமல் இரண்டு பெரிய பல்லையும் சுற்றிச் செயினைப் பிடித்து, ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

கே: காலை ஐந்து மணிக்கே பயிற்சியை முடித்துவிடுகிறேன். வன்னி வெயிலில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தனியாக வெயில் பழக்கம் எதற்கு? (ஆசிரியர் ஒருவர், நெடுங்கேணி)

ப: வெயிலில் நிற்பதும் வெயிலில் ஓடுவதும் ஒன்றல்ல. போட்டியில் நீங்கள் ஓடத் தொடங்கும்போது பகல் பத்து, பதினொரு மணி ஆகியிருக்கும். போட்டிக்கு முந்திய 10 முதல் 14 நாளில், 60 முதல் 90 நிமிடப் பயிற்சிகளைப் பத்து மணிக்குப் பிறகு வையுங்கள். பள்ளிக்கூட நாளென்றால் பின்னேரம் மூன்று மணி. வேகம் வேண்டாம், இலேசாகவே ஓடுங்கள். உடம்பு இரத்தத்தின் நீர்ப்பங்கைக் கூட்டும். வியர்வை முந்தித் தொடங்கும், அதில் உப்பும் குறையும். கடைசி இரண்டு மூன்று நாள் வெயிலை விட்டு ஒதுங்கி ஆறுங்கள். பழக்கம் அதற்குள் போய்விடாது.

கே: இளநீர் இருக்கும்போது விலைகூடிய பானங்கள் எதற்கு? ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் தூள்) கரைத்துக் குடிக்கலாமா? எவ்வளவு குடிப்பது? (வாசகி, ஒட்டுசுட்டான்)

ப: கடைசிக் கேள்வியைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஒரு மணித்தியாலம் போட்டி வேகத்தில், போட்டி வெயிலில் ஓடுங்கள். போகுமுன்னும் வந்த பின்னும் உடம்பைத் துடைத்து, உடுப்பில்லாமல் நிறை பாருங்கள். 64.2 கிலோ 63.1 ஆகி, இடையில் 400 மி.லீ குடித்திருந்தால், போன வியர்வை 1.1 உடன் 0.4 சேர்த்து 1.5 லீற்றர். சைக்கிளில் வேறு கணக்கு வரும், அதையும் தனியாக எடுங்கள்.

இப்போது சிக்கல் வருகிறது. வேலை செய்கிற வயிறு மணித்தியாலத்துக்கு 800 மி.லீ முதல் ஒரு லீற்றர் மட்டில்தான் ஏற்கும். 1.5 லீற்றர் வியர்ப்பவர் மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்கு மேல் கடனாளி. ஆறு மணித்தியாலத்தில் மூன்று, நாலு லீற்றர் பின்னுக்கு நிற்பார். 64 கிலோ உடம்பில் 2 கிலோவுக்கு மேல் குறைந்தாலே கால் இழுக்கத் தொடங்கும். இன்னும் குடித்து இதைச் சரிக்கட்ட முடியாது, குடித்ததெல்லாம் வயிற்றில் குலுங்கி வாந்தியாக வரும். வேகத்தைக் குறைத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் வியர்வை குறையும். வேறு வழி இல்லை. வெயில் போட்டியில் திட்டம் என்று நாங்கள் சொல்வது இவ்வளவையும்தான்.

எதைக் குடிப்பது? இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஜீவனி இதற்கு நேர்மாறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2002 ஆம் ஆண்டுக் கலவைப்படி வாய்வழி நீரேற்றப் பானத்தில் லீற்றருக்கு 1,700 மி.கிராமுக்குச் சற்றுக் கூடச் சோடியம், குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டும். வயிற்றோட்டத்துக்கு அளவான மருந்து. ஐந்தாறு மணித்தியாலம் ஓட அந்த இனிப்பு காணாது.

வீட்டில் கலப்பது மலிவு. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்கு 60 கிராம் சீனி, 2 கிராம் தூள் உப்பு, பாதித் தேசிக்காய்ப் புளி. சீனி ஐந்து மட்டமான மேசைக்கரண்டி, உப்பு தேக்கரண்டியில் மூன்றில் ஒன்று. இதில் சோடியம் 780 மி.கிராம் வரும். சட்டையில் வெள்ளை உப்புத் திட்டுப் படிபவர்கள் உப்பை 3 கிராம் ஆக்கலாம். இளநீர்தான் வேண்டுமென்றால் நீரில் பாதிக்கு இளநீர் விடுங்கள், உப்பை அப்படியே வைத்துச் சீனியை 45 கிராமாகக் குறையுங்கள்.

சைக்கிளில் மணித்தியாலத்துக்கு 750 மி.லீ, அத்துடன் ஒரு கதலி வாழைப்பழம். மாச்சத்து 60 கிராமுக்குக் கிட்ட வந்துவிடும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மிடறு குடியுங்கள். ஏற்றத்தில் அல்ல, அதற்கு முந்திய சமதரையில். மூச்சு வாங்கும்போது விழுங்கினால் புரையேறும். இரண்டாவது போத்தலை முதல்நாள் இரவு உறைய வைத்தால் ஏற்றத்துக்குப் போகும் நேரம் குளிராக இருக்கும். எல்லாவற்றையும் நாலைந்து நீண்ட பயிற்சியில் குடித்துப் பார்த்திருக்க வேண்டும். புதுச் சாமானைப் போட்டியன்று வயிற்றுக்குக் காட்டாதீர்கள்.

வெறும் தண்ணீரை மணிக்கணக்காக அளவுக்கு மீறிக் குடிப்பது இன்னும் மோசம். இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, விரல் வீங்கி, தலை இடித்து, வாந்தி வந்து, கடைசியில் வலிப்பு வரை போகலாம். ஓடி முடித்தவரின் நிறை தொடக்கத்தைவிடக் கூடியிருந்தால் அவர் குடித்தது கூடிப்போயிற்று.

கே: ஏற்றத்தில் எல்லோரும் என்னை முந்திப் போகிறார்கள். விட்டுவிடவா? (வாசகர், மாங்குளம்)

ப: விட்டுவிடுங்கள். ஏற்றத்தில் ஒரு சின்ன வசனத்தையாவது மூச்சு முட்டாமல் சொல்ல முடியவேண்டும். இதயத் துடிப்பு பார்க்கும் மணிக்கூடு கட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதே பலத்தில் மிதித்தாலும் வெயில் ஏற ஏறத் துடிப்பு 10, 15 கூடும். துடிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு வேகத்தை விழ விடுங்கள். வேகத்தைப் பிடித்து வைத்தவர்களை ஓட்டத்தின் எட்டாவது, பத்தாவது கிலோமீற்றரில் நடக்கக் காணலாம்.

கே: நீச்சலை இரணைமடுவில் பழகலாமா, கடலிலா? (வாசகர், முரசுமோட்டை)

ப: வன்னிக் குளங்களில் முதலை உண்டு. விடியலிலும் அந்தியிலும் இறங்கவே கூடாது. நீச்சல் தடாகமே மேல். கடலென்றால் வாடை நின்று கடல் அடங்கிய மாதங்களில், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று ஊர்க் கடற்றொழிலாளரிடம் கேட்டு, கரைக்குச் சமாந்தரமாக, தனியே இல்லாமல். ஆறு எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் முன்னுக்கு உயர்த்தி இலக்குப் பார்க்கப் பழகுங்கள். தலையைத் தூக்கினால் இடுப்புத் தாழும். நீச்சல் அங்கி வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். எங்கள் கடல் சூட்டில் அதை அனுமதிக்கமாட்டார்கள், அனுமதித்தாலும் உள்ளே அவிந்துபோவீர்கள்.

கே: ஓட்டத்தில் நடந்தால் வெட்கமில்லையா? (பெயரில்லை, புதுக்குடியிருப்பு)

ப: இல்லை. தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் 30 முதல் 40 அடி நடந்து, குடித்து, ஐஸ் துண்டைத் தொப்பிக்குள்ளும் கழுத்திலும் போட்டுக்கொண்டு பிறகு ஓடுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் வேகமாக நடப்பவரும் மெல்ல ஓடுபவரும் ஏறக்குறைய ஒன்றாகவே மேலே போவார்கள். குனிந்து நின்று தலைக்கு ஊற்றுங்கள். நிமிர்ந்து ஊற்றினால் தண்ணீர் காலுறைக்குள் போய்க் கொப்புளம் போடும். கிலோமீற்றருக்கு உங்கள் வழமையான நேரத்தைவிட 30 விநாடி முதல் ஒரு நிமிடம் கூட எடுத்தால் அதுவே சரியான வேகம்.

கே: மகன் ஓடுகிறான். நாங்கள் வீதியோரம் நிற்போம். எதைக் கவனிக்க வேண்டும்? நோவு மாத்திரை கொடுத்துவிடலாமா? (தாய் ஒருவர், விசுவமடு)

ப: மாத்திரை வேண்டாம் அம்மா. ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைத் தாக்கும். போத்தலும் நீட்டாதீர்கள், பல போட்டிகளில் வெளியார் உதவிக்குத் தகுதி நீக்கம் உண்டு.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஏதாவது கேளுங்கள். களைத்தவன் எரிச்சலோடாவது சரியாகப் பதில் சொல்வான். பதில் சம்பந்தமில்லாமல் வந்தால், வெறித்தவன் போலத் தள்ளாடினால், அது வெப்பத் தாக்கு. வியர்க்கிறதே என்று நம்பவேண்டாம், ஓடுபவர்களுக்கு வியர்த்துக்கொண்டே அது வரும். அப்போது விதியைப் பார்க்காமல் நிழலுக்கு இழுத்து, மருத்துவக் குழுவைக் கூப்பிட ஆள் அனுப்புங்கள். குழு இல்லாத இடமென்றால் 1990 அம்புலன்ஸ். வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடனே குளிர வையுங்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழுத்துவரை அமிழ்த்துங்கள், தலையை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துவாய்களை உடம்பு முழுக்கப் போட்டு, சூடேற ஏற மாற்றி, விசிறுங்கள். நினைவு தெளியாதவனுக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். ஒரு ரெஜிபோம் பெட்டியில் ஐஸும் நாலு பெரிய துவாயும் கொண்டுபோனால் போதும்.