கோட்டையின் முகம் வடக்கே இருக்கிறது

தம்பி, வணக்கம். ஜெர்மனியில் இந்தக் கோப்லென்ஸ் நகரத்துக்குப் படிக்க வந்து மூன்று மாதம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை கடையும் திறக்காது, பேச்சுத் துணையும் இல்லை, ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குன்றின்மேல் தெரிகிற பெரிய கோட்டைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடப் படிப்பவர்கள் "கேபிள் காரில் ஏறு, போட்டோ எடு, இறங்கு, ஒரு மணி நேரம் போதும்" என்று சொன்னார்களாம். உள்ளே அரண்மனை ஏதாவது இருக்குமா, ராணுவ இடம் என்பதால் வெளிநாட்டுக்காரன் தனியாகப் போனால் கேள்வி கேட்பார்களா என்றும் எழுதியிருந்தீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். டிக்கெட் எடுத்தால் போதும். இப்போது அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது, இளைஞர் விடுதி இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிட இடமும் இருக்கிறது. அரண்மனை இல்லை. படை தங்கிப் போர் செய்வதற்கென்றே கட்டிய இடம் அது. ஒரு மணி நேரம் நிச்சயம் போதாது, அரை நாளாவது ஒதுக்குங்கள்.

கோட்டையின் பெயர் ஏரன்பிரைட்ஷ்டைன். நகரத்திலிருந்து, மோசெல் ஆறு ரைனில் கலக்கும் அந்த முனையில் நின்று பார்த்தால் கிடைக்கும் காட்சியைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் தம்பி, அது கோட்டையின் முதுகு. ஆற்றுப் பக்கம் பாறை செங்குத்தாக 100 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. அதில் ஏறி ஒரு படையும் வராது. கோட்டைக்குப் பயம் இருந்தது வடக்கே, குன்றின்மேல் சமதரையாக நீளும் அந்த ஒரு பக்கத்தில்தான். கட்டியவர்கள் தங்கள் அறிவு முழுவதையும் அங்கேதான் கொட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் திரும்பினால் கோட்டையைப் பார்க்கவில்லை என்றே நான் சொல்வேன்.

கேபிள் காரில் தாராளமாகப் போங்கள். 2011இல் இங்கே நடந்த தோட்டக்கலைக் கண்காட்சிக்காக அதற்கு முந்தைய வருடமே போட்ட பாதை, சுமார் 890 மீட்டர் நீளம், ஆற்றின் குறுக்கே அழகாகக் கொண்டுபோகும். அது இறக்கிவிடுவதும் கோட்டைக்குள் அல்ல, வடக்கே இருக்கும் பூங்காவில். தாக்க வந்தவன் எந்தத் தரையில் நிற்க வேண்டியிருந்திருக்குமோ அதே தரை. இறங்கியதும் எல்லாரும் ஆற்றைப் பார்க்கிற மேடைக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். புல்வெளியில் கொஞ்ச நேரம் நின்று தெற்கே கோட்டையைப் பாருங்கள்.

என்ன தெரியும்? கீழே நகரத்திலிருந்து பார்த்த அந்தப் பிரம்மாண்டம் இங்கே தெரியாது. மெல்ல உயர்கிற ஒரு புல்மேடு, அதற்கு அப்பால் மதிலின் மேல்விளிம்பு, அவ்வளவுதான். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தச் சரிவுக்கு கிளாசி என்று பெயர். தூரத்திலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு மதிலின் அடியைத் தொட முடியாதபடி மண்மேடு மறைத்துக்கொள்கிறது. ஆனால் அந்தச் சரிவில் நடந்து வருபவனுக்கு மறைந்து நிற்க ஒரு மரமோ பள்ளமோ கிடையாது, மேலே நிற்பவன் கண்ணுக்கு முழுதாகத் தெரிவான். இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சரிவில் நூறு அடி நடந்து பாருங்கள். உடம்பிலேயே ஒரு மாற்றம் தெரியும்.

அப்புறம் வாசல். ஒரு வாசல் தாண்டினால் உள்ளே வந்துவிட்டோம் என்று நினைப்போம், இல்லை. பாறையைக் குடைந்த அகலமான உலர் அகழி வரும். தண்ணீர் கிடையாது, குன்றின்மேல் தண்ணீருக்கு எங்கே போவது? ஆழமும் இரண்டு பக்கத்துச் சுவர்களும்தான் அதன் பலம். அகழிக்குள் நிற்கும்போது இருபுறமும் நிமிர்ந்து பாருங்கள். வரிசை வரிசையாகத் துளைகள். சிறியவை துப்பாக்கிக்கு, பெரியவை பீரங்கிக்கு. உள்ளே நுழைந்தவன் திரும்பிப் போகவும் முடியாது, மறையவும் முடியாது. பாதையும் நேராகப் போகாது, வளைந்து வளைந்து போய் இன்னொரு வாசல், அதற்குப் பிறகு இன்னொன்று.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். எங்கள் ஊர்க் கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் இடித்துத் திரும்பக் கட்டிய ஐங்கோணக் கோட்டை. ஐந்து மூலையிலும் அம்புமுனை மாதிரி நீட்டிக்கொண்டு கொத்தளம், ஒன்றுக்கு இன்னொன்று காவல். பீரங்கிகள் பெரும்பாலும் மேலே திறந்தவெளியில் நிற்கும். அந்த முறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே வந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. இந்தக் கோட்டையைக் கட்டிய பிரஷ்யர்கள், அதாவது அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் ஆட்கள், பீரங்கியைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். கனமான வளைவுக் கூரை போட்ட அறைகள், அடுக்கடுக்காக. கசமாட்டன் என்பார்கள். மேலே மண் போட்டிருப்பதால் குண்டு விழுந்தாலும் உள்ளே இருப்பவனுக்குப் பாதுகாப்பு. சண்டை இல்லாத நாளில் அதே அறையில்தான் படுக்கை, அடுப்பு எல்லாம்.

ஏன் இவ்வளவு முன்ஜாக்கிரதை என்றால் அதற்கு முன்னால் நடந்த கதை அப்படி. இதே குன்றில் ட்ரியர் பேராயர்களின் பழைய கோட்டை ஒன்று இருந்தது. பிரெஞ்சுப் படை அதைத் தாக்கிப் பிடிக்கவில்லை, சுற்றி வளைத்துப் பட்டினி போட்டது. 1799 ஜனவரியில் உள்ளே இருந்தவர்கள் பசி தாங்காமல் பணிந்தார்கள். 1801இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பிப் போகும்போது வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1815இல் இந்தப் பகுதி பிரஷ்யாவின் கைக்கு வந்தது. தோற்ற பிரான்ஸ் கட்டிய இழப்பீட்டில் ஒரு பங்கு ரைன் கரைக் கோட்டைகளுக்கே போனது. 1817 முதல் 1828 வரை இதைக் கட்டினார்கள். மேற்பார்த்த பொறியியலாளர் எர்ன்ஸ்ட் லூட்விக் ஃபொன் ஆஸ்டர். போர்க்காலத்தில் 1,200 வீரர்கள் வரை தங்கலாம். மதிலைப் போலவே உணவுக் கிடங்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அக்கறை காட்டினார்கள். பழைய கோட்டை விழுந்தது வயிற்றால் என்பது அவர்களுக்கு நினைவிருந்தது.

இது தனிக் கோட்டையும் அல்ல. நகரத்தைச் சுற்றிக் குன்றுக்குக் குன்று கட்டினார்கள், ஒன்று தாக்கப்பட்டால் மற்றது சுடும் தூரத்தில் இருக்கும். பீட்டர்ஸ்பெர்க்கில் ஒன்றுக்கு ஆஸ்திரியப் பேரரசர் ஃப்ரான்ஸின் பெயர். நீங்கள் படிக்கப் போகும் கார்ட்டௌஸே மேட்டில் இருந்ததற்கு ரஷ்யப் பேரரசர் அலெக்சாண்டரின் பெயர். நெப்போலியனை எதிர்த்துக் கூட நின்றவர்களுக்கு நன்றி சொல்வது போல. முதல் உலகப்போர் முடிந்ததும் வெர்சாய் ஒப்பந்தப்படி இந்தக் கோட்டைகளை இடிக்க வேண்டியதாயிற்று. அலெக்சாண்டர் கோட்டையில் பெரும்பகுதி போய்விட்டது. சிங்க வாசல் என்று ஒரு வாசல் மட்டும் உங்கள் மேட்டில் இன்னும் நிற்கிறது, தினமும் பஸ்ஸில் அதன் பக்கமாகப் போயிருப்பீர்கள். ஏரன்பிரைட்ஷ்டைனும் இடிபட வேண்டியதுதான். அப்போது இங்கே அமெரிக்கப் படை இருந்தது, கோட்டையின் மேல் அமெரிக்கக் கொடி 1923 ஜனவரி வரை பறந்தது. அந்தப் படையின் தளபதி ஹென்றி ஆலன், இதை இடிக்கக்கூடாது என்று வாதாடினார். போரில் ஜெயித்து வந்தவர், தோற்றவனின் கோட்டைக்காகப் பேசினார். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இவ்வளவும் கட்டி, இந்தக் கோட்டையை ஒருவரும் முற்றுகையிடவே இல்லை. 1871க்குப் பிறகு எல்லை மேற்கே நகர்ந்தது, புதிய பீரங்கிகளின் முன்னால் இந்த மதில்களுக்குப் பழைய மதிப்பும் இல்லாமல் போனது.

சரி, இனி நான் எப்படி மேலே போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் இங்கே வந்தது 1987இல். ஒன்பது வருடம் அந்தக் கோட்டைப் பக்கம் போகவில்லை. எங்கள் ஊரில் கோட்டை என்றால் ஷெல் வரும் திசை. இரவில் விளக்கு போட்டு அந்த மதில் ஒளிரும்போது ஊரே ரசிக்கும், நான் ஜன்னல் திரையை இழுத்து விடுவேன். பக்கத்து வீட்டில் ஒரு வயதான ஜெர்மன் அம்மா இருந்தார். ஒருநாள் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "நான் அங்கே குடியிருந்தவள், வா காட்டுகிறேன்" என்றார். கோட்டையில் குடியிருந்தேன் என்றால் எனக்கு முதலில் புரியவில்லை.

1944 நவம்பரில் குண்டுவீச்சில் இந்த நகரத்தின் நடுப்பகுதி எரிந்து போனது. அந்த அம்மாவின் வீடும் போயிற்று. போரின்போது குன்றைக் குடைந்த சுரங்கங்களில் மக்கள் ஒளிந்திருந்தார்கள், போர் முடிந்ததும் வீடு இழந்தவர்களும் அகதிகளும் அந்த பீரங்கி அறைகளிலேயே குடியேறினார்கள். அந்த அம்மாவுக்கு அப்போது எட்டு வயதாம். அகழியைத் தாண்டி ஒரு வளைவறைக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் ஈரம். பீரங்கி நீட்டுகிற துளையைத் தொட்டு, "இதில்தான் அம்மா பால் வைப்பாள், குளிராக இருக்கும்" என்றார். நடுவில் போர்வை கட்டி இரண்டு குடும்பம் இருந்தார்களாம். எதிரியைக் கொல்ல அளந்து கட்டிய துளையில் ஒரு தாய் பால் குவளை வைத்திருக்கிறாள். அங்கே நின்று நான் அழுதேன், தம்பி. அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து திரையை இழுத்து விடுவதில்லை.

உள்ளே பார்க்க வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, "கிரைஃப்" என்ற வெண்கலப் பீரங்கி. 1524இல் வார்த்தது, 9 டன் எடை. பிரெஞ்சுக்காரர்கள் 1799இல் கோட்டை விழுந்தபோது கொண்டுபோனார்கள். பிறகு ஜெர்மனியர் எடுத்துவந்து, திரும்பப் பிரான்ஸுக்குப் போய், 1984இல் நட்பின் அடையாளமாக மறுபடி இங்கே வந்தது. இரண்டு நாட்டின் பகையையும் சமாதானத்தையும் அந்த ஒரு குழல் சுமந்திருக்கிறது. இன்னொன்று, போரில் இறந்த தரைப்படை வீரர்களுக்கான நினைவிடம். படுத்த நிலையில் ஒரு வீரனின் உருவம். அங்கே போட்டோ எடுக்காமல் சும்மா நில்லுங்கள்.

கோடையானாலும் ஜாக்கெட் கொண்டுபோங்கள், அந்த அறைகள் எப்போதும் குளிர். கல்தரை வழுக்கும், நல்ல ஷூ போடுங்கள். கேபிள் கார் குளிர்காலத்தில் எல்லா நாளும் ஓடாது, முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கேபிள் காரில் வர வேண்டாம், தெற்குப் பக்கம் பாறையை ஒட்டிக் கீழே இறங்கும் நடைபாதையில் வாருங்கள். கோட்டையின் முதுகைத் தொட்டுக்கொண்டே ஏரன்பிரைட்ஷ்டைன் ஊருக்குள் இறங்கலாம்.

அந்த அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த அறை எது என்று எனக்குத் தெரியும். வரும் ஞாயிறு மழை இல்லையென்றால் சொல்லுங்கள், ஃபிளாஸ்கில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நானும் வருகிறேன்.