வீட்டுக்குள் எதற்கு இன்னொரு பள்ளிக்கூடம்?

கேள்வி: 4-ஆம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகனை அரசுப் பள்ளியிலிருந்து நிறுத்தி, இரண்டு மாதமாக வீட்டிலேயே சொல்லித் தருகிறேன். காலை 9 முதல் 3 வரை அட்டவணை போட்டும் தினமும் சண்டை, அழுகை. தப்பு பண்ணிவிட்டோமோ?

பதில்: தப்பு முடிவில் இல்லை, அந்த அட்டவணையில் இருக்கிறது. பள்ளியின் ஆறு மணி நேரம் என்பது வருகைப்பதிவு, வரிசை, முப்பது பிள்ளைகள் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்த கணக்கு. ஒரே பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லித் தரும்போது இந்த வயதில் இரண்டு, மூன்று மணி நேரமே தாராளமாகப் போதும். பள்ளியை விட்டு வந்தவனுக்கு மூச்சுவிடச் சில வாரம் வேண்டும், அதை நீங்கள் கொடுக்கவே இல்லை போலிருக்கிறது.

பின்னம் வராமல் அழுகிறானா, நோட்டை மூடிவிட்டு அரை கப்பும் கால் கப்பும் கொடுத்துத் தண்ணீர் அளக்கச் சொல்லுங்கள், கால் கப் இரண்டு தடவை ஊற்றியதும் அரை கப் நிறைவதை அவனே பார்க்கட்டும். அப்புறம் வாசிப்பு. அவன் எடுக்கும் புத்தகம்தான், நீங்கள் எடுப்பது அல்ல (இது பெற்றோருக்குத்தான் கஷ்டம்).

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்கு அனுமதி உண்டு, ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். உங்கள் ஊர் விதி என்ன, பிற்பாடு தனித்தேர்வராகப் பரீட்சை எழுத முடியுமா என்று கேட்டு, பள்ளி தரவேண்டிய சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள்.

சாயங்காலம் பழைய நண்பர்களோடு விளையாட விடுகிறீர்கள்தானே? அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.